லேண்ட்மாஸ்டரின் நாலு கதவுகள்

9 ஆகஸ்ட் 1979, வியாழன்

இன்றைக்குக் கதவுகளை மாட்டினார்கள். நாலில் ஒன்றாவது ஒழுங்காக மூட வேண்டுமே! ஊஹூம்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து கால்கூடக் கழுவவில்லை, மாட்டுக் கொட்டகையில் இருந்து டமார் டமார் என்று சத்தம். எட்டிப் பார்த்தால் இவர் காருக்கு வெளியே, வெல்டிங் கன்னியப்பன் உள்ளே. இவர் சாத்துகிறார், அவன் இழுக்கிறான். முன்கதவுகள் இரண்டும் ஓங்கி அடித்தால்தான் பூட்டில் விழுகின்றன. பின்னால் இடது கதவு மேலே இடிக்கிறது. வலது கதவு பூட்டின் பக்கத்திலேயே போகவில்லை, என் கட்டைவிரல் நுழைகிற அளவுக்குச் சந்து.

"மொதல்ல அப்டித்தான் டீச்சரக்கா இருக்கும். பழகப் பழக சரியாப் பூடும்" என்கிறான் கன்னியப்பன். இருபத்தைந்து வருஷத்துக் கார். இன்னும் எத்தனை வருஷம் பழக வேண்டுமாம்?

படப்பை டாக்டர் வீட்டுப் புளியமரத்தடியில் சும்மா கிடந்த லேண்ட்மாஸ்டர் இது. லாரி முதலாளியோடு சண்டை போட்டு வேலையை விட்டு வந்த இவர், சித்திரை மாதம் இதை மாட்டுவண்டி கட்டி இழுத்து வந்தார். அன்றிலிருந்து என் மாடு வேப்பமரத்தடியில், கார் என் கொட்டகையில். கேட்டால், இந்தச் சேரப்பணஞ்சேரியிலேயே சிமெண்டுத் தரை போட்ட கொட்டகை நம்முடையதுதானாம். போட்டது யார்? கொத்தனார் தலைமேல் நின்று, மல்லுக்கட்டிப் போட்டது நான். சொகுசாக உட்கார்ந்திருப்பது கார்.

தீபாவளிக்குள் வண்டி ஓட வேண்டும் என்று குறியாக இருக்கிறார். எழும்பூர் ஸ்டேஷன் பக்கம் வாடகைக் கார்கள் நிற்கிற இடத்தில் சுப்பிரமணி இவருக்கு ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறான். இவரிடம் லாரியில் கிளீனராக இருந்தவன், இப்போது மெட்ராசில் சொந்தக் கார் ஓட்டுகிறான். இவரும் அங்கேயே ரூம் எடுத்துத் தங்கிவிடுவார். எனக்கு ஒன்றும் புதிதில்லை. கல்யாணம் ஆன நாளாக லாரியில் பம்பாய், கல்கத்தா என்று சுற்றியவர், மாதத்தில் இரண்டு மூன்று நாள் வந்தால் அதிகம். பிள்ளை குட்டியும் இல்லை. இது இரண்டு பேர் இருக்கிற வீடு என்பது ரேஷன் கார்டில் மட்டும்தான்.

சீக்கிரம் முடித்துக்கொண்டு கிளம்பட்டும். என் கொட்டகையை விட்டால் போதும்.

10 ஆகஸ்ட்

வலது பின்கதவை இவர் உள்ளேயிருந்து இழுக்க, கன்னியப்பன் வெளியேயிருந்து தோள் கொடுத்து முட்ட, ஒருவழியாக மூடிவிட்டார்கள். இப்போது திறக்கவில்லை. இவர் உள்ளே. வேறு கதவு வழியாக வரலாமே என்றேன். மானப் பிரச்சினையாம். அந்த ஜன்னல் வழியாகவேதான் இறங்கினார்.

14 ஆகஸ்ட், செவ்வாய்

குற்றவாளி ரப்பர் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். மழைத்தண்ணீர் உள்ளே போகாமல் கதவைச் சுற்றி ஒட்டுகிற ரப்பர். மெட்ராஸ் புதுப்பேட்டையில் போய் வாங்கி வந்தது. அது தடிமனாம், அதனால் கதவை வெளியே தள்ளுகிறதாம். சரி, சீவுங்கள். எதை வைத்துச் சீவினார்கள்? என் அரிவாள்மணையை வைத்து! கத்தரிக்காய் நறுக்கும்போது ஏதோ டயர் வாசனை வருகிறதே என்று பார்த்தால், மணை முழுக்கக் கறுப்புப் பிசிறு.

கடைசியில் ரப்பரை மொத்தமாகப் பிய்த்துப் போட்டுவிட்டுச் சாத்திப் பார்த்தார்கள். அப்போதும் மூடவில்லை. ரப்பரே இல்லாமல் மூடாத கதவுக்கு ரப்பர் மேல் பழி. இதை முதலிலேயே செய்து பார்த்திருந்தால் என் அரிவாள்மணையாவது தப்பித்திருக்கும். சொன்னேன். "நீ போய் பசங்களுக்குப் பாடம் நடத்து" என்றார்.

19 ஆகஸ்ட், ஞாயிறு

இந்த வாரம் கீல். கீலுக்கு நடுவில் மரக்கட்டையைக் கொடுத்துக் கதவை மூடுவது போலத் தள்ளினால் கீல் கொஞ்சம் வளைந்து கொடுக்குமாம். முன்கதவில் கட்டையை வைத்துத் தள்ளினார்கள். முன்கதவு கொஞ்சம் படிந்தது. இப்போது அது பின்கதவில் இடிக்கிறது. பின்கதவுக்கு இரண்டு வாஷர் போட்டு நகர்த்தினார்கள். அது மேலே தூக்கிக்கொண்டது. மேலே இருப்பதை இறக்கினால் கீழே உரசுகிறது. சிற்றப்பன், பெரியப்பன் பங்காளிச் சண்டை மாதிரி, ஒருத்தரைச் சமாதானப்படுத்தினால் இன்னொருத்தர் முறைத்துக்கொள்கிறார்.

இவருக்குக் கட்டைவிரல் நகம் கறுத்துப் போய்விட்டது. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. ஈரத்துணி சுற்றிவிட்டேன். "வலிக்குதா?" என்றால், "வலியா? எனக்கா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு பல்லைக் கடிக்கிறார். நடிப்பு.

மத்தியானம் பக்கத்து வீட்டுப் பாப்பம்மாள் வேலி மேல் கையை வைத்துக்கொண்டு கேட்கிறாள்: "இன்னா டீச்சரு, ஒங்களுக்குள்ள ஏதாச்சும் தகராறா? பத்து நாளா கதவ அடிச்சிகினே கீறீங்களே. எங்க வூட்டுக்காரரு என்னை வந்து வெசாரிச்சிட்டு வரச் சொன்னாரு."

தெருவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறதாம். நான் கோபித்துக்கொண்டு தினமும் கதவை அறைகிறேனாம். என் தலையெழுத்து.

27 ஆகஸ்ட், திங்கள்

பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் வந்த நாள். நிற்க நேரமில்லை, தொண்டை கட்டிவிட்டது. வீட்டுக்கு வந்து உலை வைக்க வேண்டுமே என்று அலுத்துக்கொண்டே நுழைந்தால் அடுப்பிலிருந்து சோறு இறக்கி இருக்கிறது. கருவாட்டுக் குழம்பு. லாரிக்காரர் சமையல், காரம் கண்ணில் தண்ணீர் வரவழைக்கிறது. சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் என் சமையலறை! வெல்ல டப்பாவில் உப்பு. கரண்டிகள் எல்லாம் பானைக்குள். தாளிக்கிற எண்ணெய்ப் பக்கத்தில் கிரீஸ் டப்பா. "ஒரு பொருளை எடுத்த எடத்துல வெக்கத் தெரியாதா?" என்று கத்தினேன். "எனக்கு இன்னா தெரியும், எது எந்த எடத்துல இருந்துச்சுன்னு? நான் இந்த வூட்ல எப்ப இருந்தேன்?" என்று சிரித்தார்.

சிரிப்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

2 செப்டம்பர், ஞாயிறு

புதிய யோசனை: செங்கல்லில் நிற்கிற வரை வண்டி விறைத்துக்கொண்டுதான் இருக்கும், சக்கரத்தில் இறக்கிவிட்டால் உடம்பு உட்கார்ந்து கதவு தானாகப் பொருந்திவிடும். காலையில் இறக்கினார்கள். கதவு பொருந்தவில்லை. சரி, வெளியே தள்ளி முதல் பூச்சாவது அடிக்கலாம் என்று தெருப்பக்கம் தள்ளிக்கொண்டு போனார்கள்.

நான் இதுதான் சமயம் என்று துடைப்பமும் குடமுமாகக் கொட்டகையில் இறங்கினேன். நாலு மாதக் கரி, எண்ணெய், தகட்டுச் சீவல். தரையே தெரியவில்லை. வண்டியின் நாலு மூலைக்கும் முட்டுக்கொடுத்து அடுக்கியிருந்த செங்கல்லை எடுத்ததும் அந்த இடங்கள் மட்டும் நாலு சதுரமாக வெள்ளை வெளேர் என்று இருந்தன. நாலைந்து குடம் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் மூன்று சதுரத்தைத் தாண்டி ஓடிற்று. தென்மேற்கு மூலையில் இருந்த நாலாவது சதுரத்தின்மேல் போய்க் குளம் கட்டி நின்றது. கழிவுத் துவாரம் அடைத்திருந்தது போல. கையை விட்டேன். முழு விரலும் முங்கிவிட்டது.

குடத்தை வைத்துவிட்டு நாலு சதுரத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

இந்தச் சாய்வை வைக்கச் சொன்னதே நான்தான். மாட்டு மூத்திரம் தேங்கக் கூடாது, எல்லாம் அந்த மூலைத் துவாரம் வழியாக வாழைக்குப் போக வேண்டும் என்று கொத்தனாரிடம் சண்டை போட்டு, அந்த மூலையை மட்டும் நன்றாக இறக்கச் சொன்னேன். மாடு கட்டுகிற யாருக்கும் இது தெரியும். இவருக்குத் தெரியாது, தரை போட்டபோது இவர் நாக்பூரில் இருந்தார். கன்னியப்பன் டவுன்காரன். "நாலு மூலைக்கும் அஞ்சஞ்சு செங்கல்லு, எண்ணி வெச்சிருக்கேன்" என்று பெருமை வேறு.

எண்ணினான். அஞ்சு செங்கல் மேட்டிலும் அஞ்சுதான், பள்ளத்திலும் அஞ்சுதான். அதன்மேல் வண்டியை வைத்து, கதவுகளைக் கழற்றி, அவற்றின் கீழே நீளமாக ஓடுகிற துருப்பிடித்த தகட்டை எல்லாம் இரண்டு பக்கமும் அறுத்து எடுத்தார்கள். பிடிப்பு இல்லாத வண்டி, பள்ளத்து மூலைக்கு இழுத்துக்கொண்டது. அந்தக் கோணலோடேயே புதுத் தகட்டை வெல்டிங் வைத்துவிட்டார்கள். ஒரு கால் பள்ளத்தில் நிற்கிற கட்டில் மாதிரிதான். இனி ரப்பரைச் சீவினாலும் கீலை வளைத்தாலும் கதவு எப்படி மூடும்?

ஈரக் கையோடு ஓடினேன் சொல்வதற்கு. இவர் முகமெல்லாம் செம்மண் நிறப் பெயிண்டோடு நின்றுகொண்டிருந்தார். "அம்சா, இங்க வா, வந்து பாரு. கலரு எப்டி கீது?"

"நல்லா இருக்குது" என்றேன். சாப்பிடும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

3 செப்டம்பர்

சொல்லவில்லை.

4 செப்டம்பர்

இன்றைக்கும் சொல்லவில்லை. ஏன்? தெரியவில்லை.

தெரியும். சொன்னால் ஒரு வாரத்தில் கதவு மூடிவிடும். கதவு மூடினால் வண்டி தயார். வண்டி தயாரானால் இவர் மெட்ராசில். அவ்வளவுதான். போன மாதம்கூட "சீக்கிரம் கிளம்பட்டும்" என்று இதே கையால் எழுதியிருக்கிறேன். எழுதினால்? மனுஷிக்கு மனசு மாறக் கூடாதா?

காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது "குடை எடுத்துகினியா?" என்று ஒருவர் கேட்கிறார். பதினாறு வருஷத்தில் என்னை யார் கேட்டார்கள்?

8 செப்டம்பர், சனி

கண் திருஷ்டியாம். பாப்பம்மாள் சொன்னாளாம், கன்னியப்பன் தலையை ஆட்டினானாம். பூசணிக்காய் வாங்கி வந்துவிட்டார்கள். துளை போட்டு, குங்குமத்தைக் கரைத்து ஊற்ற என்னைக் கூப்பிட்டார்கள். ஊற்றினேன்! எல்லாம் தெரிந்துகொண்டே, கல்லுளிமங்கி மாதிரி நின்று ஊற்றிக் கொடுத்தேன். இவர் பக்தியாக நாலு கதவுக்கும் சுற்றி, நடுத்தெருவில் போட்டு உடைத்தார். உடைத்த கையோடு ஓடி வந்து வலது பின்கதவைச் சாத்தினார்.

டமார். சந்து அப்படியேதான்.

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் உள்ளே போய் இல்லாத வேலையைச் செய்தேன். சீ, என்ன ஜென்மம் நான்.

16 செப்டம்பர், ஞாயிறு

கன்னியப்பனுக்கும் இவருக்கும் சண்டை. வாய்ச்சண்டை இல்லை, சட்டையைப் பிடிக்கிற அளவுக்கு.

"நீ தகடு வெட்னதே கோணைடா. அளவெடுக்கத் தெரியாத வெல்டரு!"

"நான் கோணையா வெட்டனேனா? நீ கீலைப் புடிச்சி குரங்கு மாதிரி தொங்கினியே, அதுல பூடுச்சி எல்லாம். தோ பாரு கோதண்டம், ஸ்ரீபெரும்புதூருல பஸ் பாடிக்கே வெல்டிங் வெச்சவன் நானு. எங்கிட்ட வேணாம்."

சிலிண்டரை சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விட்டான். பத்தாவது வகுப்பில் இருந்து சிநேகிதர்கள் இருவரும். கன்னியப்பன் போகும்போது என்னைப் பார்த்து, "வரேன் டீச்சரக்கா. என் தொழில்ல எவனும் என்னை இப்டிப் பேசினது கெடையாது" என்றான். கண் கலங்கியிருந்தது.

அவன் வெட்டியது கோணல் இல்லை. இவர் தொங்கியதிலும் எதுவும் கெடவில்லை. எனக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறந்தேன். "மோர் குடிச்சிட்டுப் போ" என்றுதான் வந்தது.

18 செப்டம்பர், செவ்வாய்

லாரி ஷெட் கணக்குப்பிள்ளை வந்திருந்தார். பழைய முதலாளி சொல்லி அனுப்பினாராம், கல்கத்தா லைனுக்கு ஆள் வேண்டுமாம். இந்த மனிதர் சரி என்று சொல்லிவிட்டார். சரஸ்வதி பூஜை கழித்துக் கிளம்புகிறாராம்.

"காரு?"

"டாக்டரு வூட்டு மரத்தடியிலயே தள்ளி வுட்டுடலாம். நமக்கு எழுதி வெச்சது லாரிதான், அம்சா. இதெல்லாம் நமக்கு ஒத்து வராது." குரலில் கோபம்கூட இல்லை. கோபமாவது இருந்தால் தேவலை.

அய்யோ, இன்னா பண்ணி வெச்சிட்டேன் நான். மெட்ராசு போவக் கூடாதுன்னு வாய மூடிகினு இருந்தேன், மனுஷன் கல்கத்தா போறாரு. மெட்ராசுன்னா சிங்கப்பெருமாள் கோவில்ல ரயில் ஏறினா ஒண்ணரை மணி நேரம். கல்கத்தாவுக்கு எந்த ரயில்ல போய் எந்த ரோட்ல நின்னு பாக்கறது? ரோட்ல எங்க படுத்தாரு, இன்னா சாப்ட்டாரு, உயிரோட கீறாரா — பதினாறு வருஷம் பட்டது போதாதா?

20 செப்டம்பர், வியாழன்

சொல்லிவிட்டேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். இவர் தெருப்பக்கம் நின்ற காரின் கதவுகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தார். கையைப் பிடித்துக் கொட்டகைக்குள் இழுத்துக்கொண்டு போனேன். வாயால் சொன்னால் எனக்கே குழறும் என்று ஒரு குடம் தண்ணீரை நடுவில் ஊற்றினேன். அது ஓடி அந்த மூலைக்குப் போனது. அடித்துச் சுத்தம் பண்ணிய பிறகும் செங்கல் அடையாளம் லேசாகத் தெரிகிறது. "அங்க வெச்ச செங்கல்லு பள்ளத்துல கீது. மீதி மூணும் மேட்டுல" என்றேன்.

தண்ணீர் போன வழியிலேயே அந்த மூலைக்குப் போனார். குந்தி உட்கார்ந்து தரையைத் தடவினார். லாரிக்காரர், புரிந்துகொள்ள எத்தனை நேரம் ஆகும்?

"அடப்பாவி கன்னியப்பா" என்றார் முதலில். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. அப்புறம் என்னைப் பார்த்தார். "இது ஒனக்கு எப்பத் தெரியும்?"

"வண்டிய வெளிய தள்ளினீங்களே. அன்னிக்கு."

சிரிப்பு போய்விட்டது. "பூசணிக்கா ஒடச்சமே, அப்பத் தெரியுமா?"

"தெரியும்."

"அவன் சட்டையப் புடிச்சேனே?"

"தெரியும்."

"இன்னாத்துக்குடி சொல்லல?"

"சொன்னா நீங்க பூடுவீங்க."

 பிறகு கத்தினார் பாருங்கள், பாப்பம்மாள் வீட்டு நாய் குரைத்தது. "போவாதேன்னு வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல வேண்டியதுதானே! பள்ளிக்கூடத்துல அத்தினி பேச்சு பேசறே! லாரிக்குப் போறப்ப ஒரு நாளு சொல்லிக்கீறியா? சோத்தக் கட்டிக் குடுத்துட்டு வாசல்லகூட நிக்க மாட்டியே. போனாப் போறான்னுதானே நானும் நெனச்சிகினு இருந்தேன்? அந்த ஒரு வார்த்தைக்கு ஒரு காரைக் கோணையாவே வுட்டு வெப்பியா?"

வாசலில் நின்றால் அழுதுவிடுவேன் என்றுதான் நான் நின்றதில்லை. அதை எப்போது எப்படிச் சொல்வது?

"சரி. இப்பச் சொல்றேன். போவாதீங்க" என்றேன்.

 கை கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

21 செப்டம்பர்

பேசவில்லை. சாப்பிட்டார். பேசவில்லை.

23 செப்டம்பர், ஞாயிறு

கல்கத்தாவுக்கு வரவில்லை என்று லாரி ஷெட்டில் சொல்லிவிட்டு, அப்படியே ஸ்ரீபெரும்புதூர் போய்க் கன்னியப்பனை சைக்கிளோடு கூட்டிக்கொண்டு வந்தார். ஒன்றாக உட்கார்ந்து தரையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். ஒருவர் தோளில் ஒருவர் கையைப் போட்டுக்கொண்டார்கள். சட்டையைப் பிடித்தவர்கள்தானே?

இப்போது இரண்டு பேருக்கும் ஒரே எதிரி, நான். "எந்த ஊர்லயாச்சும் தரையை இப்டிக் கோணையாப் போடுவாங்களா டீச்சரக்கா?" என்று என்னையே கேட்கிறான். போடுவார்கள், மாடு வைத்திருக்கிறவர்கள் எல்லாம் போடுவார்கள். காரை மாட்டுக் கொட்டகையில் கட்டுகிறவர்களைத்தான் நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை.

கல்கத்தா இல்லை என்று ஆகிவிட்டது. மெட்ராஸ்? அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. நான் கேட்கவும் மாட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று.

30 செப்டம்பர், ஞாயிறு

எல்லாம் தயார். வண்டி திரும்பவும் கொட்டகையில், செங்கல்மேல். கொத்தனாரிடம் தண்ணீர் ரொப்பின ட்யூப் வாங்கி வந்து நாலு மூலையும் மட்டம் பிடித்தாயிற்று. தென்மேற்கு மூலைக்குக் கீழே ஜாக்கி. புதுத் தகட்டைத் திரும்பவும் அறுக்க வேண்டியதுதான் பாக்கி. இன்றைக்கு ஆயுத பூஜை! சுத்தியல், ஸ்பேனர், சிலிண்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து வரிசையாகப் படுக்க வைத்திருக்கிறார்கள். நாளை வரை தொடக் கூடாதாம். அரிவாள்மணையை வைக்க மறந்தீர்களே, அதுவும் உங்கள் ஆயுதம்தானே என்றேன். கன்னியப்பன் நிஜமாகவே எடுத்து வந்து பொட்டு வைத்துவிட்டான்.

7 அக்டோபர், ஞாயிறு

மூடியது.

இந்தத் தடவை புத்தி வந்து, கதவுகளை முதலில் மாட்டி, ஜாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, நாலு சந்தும் ஒரே மாதிரி வந்த பிறகு கதவுகளை மூடி வைத்துவிட்டுத்தான் வெல்டிங்கைத் தொட்டார்கள். ஆறின பிறகு கன்னியப்பன், "டீச்சரக்கா, நீங்க வந்து சாத்துங்க. ஒங்க கொட்டாய், ஒங்க கோணல்" என்றான்.

அந்த வலது பின்கதவை இரண்டு விரலால் தள்ளினேன். க்ளக். அவ்வளவுதான் சத்தம். திறந்தேன், திறந்தது. திரும்ப மூடினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. புகை என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அங்கே ஏது புகை?

18 அக்டோபர், வியாழன்

காஞ்சிபுரத்தில் வண்டியைக் காட்டி, ஓட்டலாம் என்று சான்று வாங்கியாயிற்று. இன்று காலை கிளம்பிவிட்டார். மெட்ராசுக்குத்தான். டிரங்க் பெட்டி, பாய், இரண்டு வேட்டி, நான் இடித்துக் கொடுத்த பருப்புப் பொடி. அன்றைக்குக் கொட்டகையில் நான் ஒன்று சொன்னேனே, அது இவர் காதில் விழுந்ததா இல்லையா? விழுந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை மனுஷன். டிரங்க் பெட்டிக்குப் பூட்டு தேடினார், சீப்பு தேடினார். வேறு எதையும் தேடவில்லை.

நான் வாசலில் போய் நின்றேன். முதல்முறையாக. அழுதேன், அழுதால் என்ன, பாப்பம்மாளும் பார்த்தாள், பார்க்கட்டும். இவர் கண்ணாடியை இறக்கி, "உள்ள போ, வெயிலு" என்றார். வண்டி ஏரிக்கரையில் திரும்புகிற வரை நின்றேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரு பையனை அநியாயமாக அடித்துவிட்டேன். நாளை அவனுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்க வேண்டும்.

19 அக்டோபர், வெள்ளி

வந்துவிட்டார்! சாயங்காலம் வாசல் தெளித்துக்கொண்டிருக்கிறேன், கார் வந்து நிற்கிறது. டிரங்க் பெட்டி, பாய், எல்லாம் போன மாதிரியே.

"இன்னா ஆச்சு?"

"எடம் பூடுச்சாம். வேற எவனுக்கோ குடுத்துட்டாங்களாம். லேட்டாப் பூடுச்சில்ல, இன்னா பண்றது?" செருப்பைக் கழற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன்ல போட்டு ஓட்டலாம்னு கீறேன். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போறவங்க, கல்யாணக் கோஷ்டி, எவனாச்சும் ஏறுவான்."

எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். வெளியே அந்தச் சுப்பிரமணியைத் திட்டித் தீர்த்தேன். வளர்த்துவிட்ட மனுஷனுக்கு ஓர் இடம் காப்பாற்றி வைக்கத் துப்பில்லையா என்று. "வுடு, பாவம், அவன் இன்னா பண்ணுவான்" என்று இவர்தான் அடக்கினார். நான் வாங்கி வைத்திருந்த பருப்பைப் போட்டு வடை சுட்டேன்.

11 நவம்பர், ஞாயிறு

சுப்பிரமணி வந்திருந்தான், பெண்டாட்டி பிள்ளைகளோடு. சிங்கப்பெருமாளைக் கும்பிட வந்தவர்கள், அப்படியே அண்ணனையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று. இவர் சவாரி போயிருந்தார். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. காப்பியை நங்கென்று வைத்தேன்.

"இன்னாக்கா, ஒங்களுக்கும் எம்மேல கோவமா? அண்ணனுக்கு நான் இன்னா தப்புப் பண்ணேன்?" என்றான். "அன்னிக்கு வந்தாரு. எடத்தக் காட்டனேன். வண்டிய அதுல நிறுத்திட்டு ராத்திரி பூரா உள்ளயே உக்காந்துகினு இருந்தாரு. விடிஞ்சதும், 'எனக்கு வேணாம் சுப்பிரமணி, நீ வேற யாருக்காச்சும் குடுத்துடு'ன்னுட்டாரு. ஏன்ணான்னா சொல்ல மாட்றாரு. நான் இன்னும் யாருக்கும் குடுக்கலக்கா. காலியாத்தான் வெச்சிகினு கீறேன். நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க."

காப்பி ஆறிவிட்டது, வேறு கலந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அவன் பிள்ளைகளுக்கு முறுக்கு பிழிந்து, சாப்பாடு போட்டு, வாழைத்தார் ஒன்றையும் வெட்டிக் கொடுத்து அனுப்பினேன். "அந்த எடத்த வேற யாருக்காச்சும் குடுத்துடுப்பா. உங்க அண்ணனுக்கு மெட்ராஸ் தண்ணி ஒத்துக்காது" என்றேன்.

ஏழு மணிக்கு இவர் வந்தார். சுப்பிரமணி வந்துவிட்டுப் போனான் என்றேன். சட்டைப் பொத்தானில் இருந்த கை அப்படியே நின்றது.

"இன்னா சொன்னான்?"

"இன்னா சொல்லுவான்? எடத்த வுட்டுட்டேன், அண்ணன் மன்னிச்சிக்கணும்னு சொன்னான். நான் நல்லாத் திட்டி அனுப்பிட்டேன்."

என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். நான் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ரொம்பத் திட்டாதே" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். தெரிந்தும் சொல்லாமல் வைத்துக்கொள்வது எனக்கு இது இரண்டாவது தடவை. இதை நான் சொல்லப் போவதே இல்லை.